வாசற்படியில் ஒரு ஒளிக்கயிறு

(நமது டிரஸ்ட் கூடத்தில் நடைபெற்ற மின்னணுக் கைத்தொழில் வகுப்பின் நிறைவு நாளில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, சகோதரிகளே, இரண்டு மாதமாக விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு சால்டரிங் பழகிய மாணவச் செல்வங்களே!

சான்றிதழ் வழங்கும் நாளில் செயலாளர் எழுந்தால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதை ஹஜ்ரத் அவர்கள் என்னைவிட அழகாகப் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது இந்த மேசையில் உள்ள இரண்டு சின்னப் பெட்டிகள்தான். உங்கள் பிள்ளைகள் செய்தவை. இந்தப் பெட்டி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கதிரை அந்தப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஆள் போனால் கதிர் அறுபடும். கதிர் அறுபட்டால் மணி அடிக்கும். இதோ, கையை நீட்டுகிறேன்... கேட்டதா? இவ்வளவுதான் கருவி. இதை ஏன் செய்யச் சொன்னோம், எப்படிச் செய்தார்கள், எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

நமது பைத்துல்மாலுக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை பற்றியவை. சில காலமாக இன்னொரு வகை மனு வருகிறது. "வாப்பா ராத்திரியில் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள், அறையில் கேமரா வைக்க உதவி செய்யுங்கள்." "மாமிக்கு நினைவு தப்புகிறது, குளியலறையில் இரண்டு தடவை விழுந்துவிட்டார்கள், ஏதாவது வழி சொல்லுங்கள்." மறதி நோய் நம் மஹல்லாவுக்கு வெளியே எங்கோ இருப்பதல்ல. வீடு வீடாகப் போய் விசாரித்தால் தெரியும். வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம், அவ்வளவே.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், யார் வீடு என்று யாரும் தேட வேண்டாம். எண்பதைத் தாண்டிய பெரியவர். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, ஒளுச் செய்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃபஜ்ருக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். ஐம்பது வருடப் பழக்கம். நோய் அவரிடமிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டது, பேரப்பிள்ளைகளின் முகங்களை எடுத்துக்கொண்டது, கால்களுக்குத் தெரிந்த பாதையை மட்டும் விட்டுவைத்தது. ஒருநாள் பள்ளிவாசல் கேட் பூட்டிக் கிடந்ததால் திரும்பிவரத் தெரியாமல் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டார். பால் வண்டிக்காரர் அடையாளம் கண்டு கூட்டி வந்தார். அன்று முதல் மகன் அறையின் வெளித் தாழ்ப்பாளைப் போட ஆரம்பித்தார். "காக்கா, என்னைப் பெத்தவங்களை நானே பூட்டி வைக்கிறேன்" என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு மேலே பேச்சு வரவில்லை.

இன்னொரு வீட்டில் மருமகள், மாமியாரின் அறை வாசலில் குறுக்கே பாய் விரித்து ஆறு மாதமாகப் படுத்திருக்கிறார். "மாமி என்னை மிதிச்சாத்தான் எனக்கு முழிப்பு வரும்" என்றார். மிதி வாங்கி விழிப்பதை ஓர் ஏற்பாடாகவே வைத்திருக்கிறார். பகலில் அவருக்குச் சமையல் உண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது உண்டு, கடைத் தையல் வேலையும் உண்டு. அந்தப் பெண் உடம்பைக் குறுக்கே போட்டுச் செய்துவந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது.

கேமராவுக்கு ஏன் பணம் கொடுக்கவில்லை என்று சிலருக்கு வருத்தம் உண்டு. கேமரா வெறுமனே பார்க்கும். அதைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். அசைவைக் கண்டால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் வகையும் இருக்கிறது, ஆனால் படுக்கையில் புரண்டாலும் அனுப்பும், மின்விசிறிக் காற்றில் திரை ஆடினாலும் அனுப்பும். மூன்றாம் நாள் யாரும் அந்தச் செய்தியைத் திறந்து பார்ப்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் உம்மா உடை மாற்றும் அறை. வாழ்நாள் முழுக்க முந்தானை விலகாமல் நடமாடிய ஒரு தாயின் அறையில், அவர் அறியாமல் ஒரு கண்ணைப் பொருத்தி, அது பிடிப்பதை யாரோ ஒருவரின் கணினியில் சேமித்து வைப்பது எனக்கு ஒப்பவில்லை. நினைவு தப்பியவருக்கு மானம் தப்பிவிடவில்லை. இந்தக் கதிருக்கு முகம் தெரியாது, உடை தெரியாது. "ஒருவர் கடந்தார்" என்ற ஒரே ஒரு செய்திதான் அதற்குத் தெரியும். நமக்குத் தேவையும் அந்த ஒன்றுதான்.

கடையில் விற்கும் அசைவுணர் கருவி இருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைக் குமிழ் மாட்டிய சின்னப் பலகை, பி.ஐ.ஆர். என்பார்கள். அது எதையும் அனுப்புவதில்லை, மனித உடம்பின் சூட்டிலிருந்து கிளம்பும் கதிர் அசைவதைக் கவனிக்கிறது. அதற்கு இரண்டு சிக்கல். அது ஒரு பரப்பையே பார்க்கிறது, கோட்டைப் பார்ப்பதில்லை. பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாலும் கத்தும். இரண்டாவது, நம் ஊர் மே மாதத்தில் அறையின் சூடே உடம்புச் சூட்டை நெருங்கிவிடும்போது அதற்கு வித்தியாசம் மங்கிப் போகும். நமக்கு வேண்டியது வாசற்படியில் கட்டிய ஒரு கயிறு, தடுக்கி விழ வைக்காத கயிறு.

அந்தக் கயிற்றை எதனால் திரிப்பது? சிவப்புக்கு அப்பால் ஒளி இருக்கிறது என்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே வானியலாளர்தான். முப்பட்டகக் கண்ணாடியில் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தவர், சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது சூடு இன்னும் ஏறுவதைப் பார்த்தார். அதுவே அகச்சிவப்புக் கதிர். நீங்கள் தினமும் டி.வி. ரிமோட்டில் அமுக்கி அனுப்புவதும் அதைத்தான்.

மதரஸாவில் படித்தவன் என்பதால் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போக மனமில்லை. அதற்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் முன்பு இப்னுல் ஹைஸம், தமது கிதாபுல் மனாஸிரில் ஒரு சோதனையை விவரிக்கிறார். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகள், அறைக்குள் நுழைய ஒரு சிறு திறப்பு, எதிரே சுவர். ஒவ்வொரு விளக்குக்கும் சுவரில் ஒரு தனிப் புள்ளி விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான புள்ளி மட்டும் மறைகிறது, மறைப்பை எடுத்தால் அந்தப் புள்ளி திரும்பி வருகிறது. ஒளி நேர்கோட்டில் போகிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம் அது. நம் பிள்ளைகளின் பெட்டி அந்தச் சுவரைப் போன்றது. புள்ளி மறைந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இனி கருவிக்கு வருவோம். தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிடம் கடைச் சாமான் பெயராக வரும்.

அனுப்பும் பக்கத்தில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி. போதும், 940 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கும் பக்கத்தில் டி.எஸ்.ஓ.பி. 1738 என்ற மூன்று கால் ரிசீவர். டி.வி.க்குள் ரிமோட்டின் ஒளியை வாங்கும் இனத்தைச் சேர்ந்தது. எல்.இ.டி.யைச் சும்மா எரியவிட்டு எதிரே பிடித்தால் இது திரும்பியும் பார்க்காது. காரணம் இருக்கிறது. வெயிலில் அகச்சிவப்பு நிறைய உண்டு. குண்டு பல்பிலும் உண்டு, நம் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மினுங்கவும் செய்யும். இவ்வளவுக்கும் நடுவில் நமது கதிரை எப்படிப் பிரித்து அறிவது? சந்தை இரைச்சலில் பெரியவர்கள் காதுக்கு எதுவும் தனியாகக் கேட்காது, ஐஸ்காரரின் மணி மட்டும் குழந்தையின் காதில் விழுந்துவிடும் அல்லவா? அப்படி ஒரு தனித் தாளம் வேண்டும். இந்த ரிசீவருக்குப் பழக்கமான தாளம் 38 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 38,000 துடிப்பு.

தாளத்தைத் தருவது 555 என்ற எட்டுக் கால் ஐ.சி. ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1971-இல் வடிவமைத்தது. உங்களில் பலரின் வாப்பாமார் பிறக்காத காலம். இன்றும் கடையில் கிடைக்கிறது, இன்றும் டீ விலைதான். இதற்கு 1 கிலோஓம், 18 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர், 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர். கடையில் "102" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கணக்குப் போட்டால் 38.9 கிலோஹெர்ட்ஸ் வரும். கெப்பாசிட்டர் எல்லாம் எழுதியிருப்பதைவிட முன்னே பின்னே இருப்பதால், அந்த 18 கிலோவுக்குப் பதில் 15 கிலோவையும் 5 கிலோ பிரிசெட்டையும் அடுத்தடுத்துப் போடுவது நல்லது. பிறகு இரண்டு பெட்டிகளையும் கூடத்தின் இரு முனைகளுக்குத் தள்ளி வைத்து, எந்தத் திருகலில் மிக அதிக தூரம் எட்டுகிறதோ அங்கே பிரிசெட்டை நிறுத்த வேண்டும். ஆஸிலோஸ்கோப் இல்லாத ஏழைக்கு அதுதான் ஆஸிலோஸ்கோப்.

தாளம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் அடுத்த வேடிக்கை காத்திருக்கிறது. கதிரை முறித்தால் மணி அடிக்கிறது, சரி. ஆனால் சற்று நேரத்தில் யாரும் குறுக்கே போகாமலே மணி அடிக்கத் தொடங்குகிறது. ரிசீவர் பழுதில்லை. ரிமோட் என்பது விட்டு விட்டுத்தான் பேசும். நிற்காமல் ஒரே சீராக வரும் துடிப்பை, இது ஏதோ டியூப்லைட் இரைச்சல் என்று எண்ணி ரிசீவரே தன் காதை மூடிக்கொள்கிறது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஐஸ்காரரும் மணியை விடாமல் அடித்துக்கொண்டே தெருவில் நின்றால் அரை மணியில் யாருக்கும் அது காதில் விழாது.

எனவே துடிப்பைக் கொத்துக் கொத்தாக அனுப்ப வேண்டும். இரண்டாவது 555 இதற்குத்தான். 1 கிலோஓம், 10 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட், கடை மொழியில் "104". இதன் மூன்றாம் காலை முதல் 555-இன் நான்காம் காலில் இணைத்தால், முக்கால் மில்லிவினாடி துடிப்பு, கிட்டத்தட்ட அதே அளவு மௌனம் என்று மாறி மாறிப் போகும். ஒரு கொத்தில் ஏறக்குறைய 29 துடிப்பு. வினாடிக்கு 690 கொத்து. ரிசீவர் காதை மூடாது. கதிர்த் தடுப்புக்கென்றே தயாரான டி.எஸ்.எஸ்.பி. 4038 என்ற ரிசீவரும் இருக்கிறது, அதற்கு இந்தக் கொத்து வேலை வேண்டாம். சிறிய ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

வாங்கும் பக்கத்தில், கொத்து வரும்போதெல்லாம் ரிசீவரின் வெளியீடு கீழே இறங்கும். கதிர் அறுந்தால் மேலேயே நின்றுவிடும். துடிப்பு வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மூன்றாவது 555. இதை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கொத்து வரும்போதும் பி.சி. 557 டிரான்சிஸ்டர் குடத்தைக் கவிழ்த்துவிடுகிறது. கதிர் அறுந்தால் கவிழ்க்க ஆளில்லை. 52 மில்லிவினாடியில் குடம் நிரம்பி, செய்தி போகிறது. ஏன் 52? விட்டில் பூச்சியின் உடம்பு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அது குறுக்கே பறந்தால் 20 மில்லிவினாடி போல மறைக்கும், குடம் நிரம்பாது. வினாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் மனிதரின் உடம்பு 20 சென்டிமீட்டர் கனம் என்றால் 200 மில்லிவினாடி மறைக்கும். வயதானவர்கள் இன்னும் மெதுவாக நடப்பார்கள். பூச்சிக்கும் மனிதருக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறது.

நான்காவது 555 மணியை மூன்று வினாடி பிடித்து வைக்க, 270 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட். பெரியவர் கதிரிலேயே நின்றுவிட்டால் விலகும் வரை மணி அடித்துக்கொண்டிருக்கும். அனுப்பும் பெட்டியின் வயர் பிடுங்கப்பட்டாலும், எல்.இ.டி. கருகினாலும் அப்படியே விடாமல் அடிக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த குணம். ஒளி பட்டால் அடிக்கும் என்று செய்திருந்தால், கெட்டுப் போன அன்று சத்தமே இல்லாமல் கெட்டுக் கிடக்கும். ஒளி அறுந்தால் அடிக்கும் என்று செய்ததால், தான் கெட்டதையும் அதுவே சொல்லிவிடுகிறது. மணி இருக்கும் பக்கத்து மின்சாரம் போனால் மட்டும் ஊமையாகிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அர்டுயினோ பலகை ஒன்றை வாங்கி நாலு வரி எழுதினால் இத்தனை 555 எதற்கு என்று கல்லூரித் தம்பிகள் சிரிக்கிறார்கள். செய்யுங்கள், நன்றாகவே வரும். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் இந்த வகுப்பில் இருந்தார்கள். ஐ.சி. சூடாகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துப் பழுது பார்க்கும் அறிவு அவர்களுக்கு வேண்டும் என்று நினைத்தோம்.

இப்போது எல்லோரையும் நான்கு நாள் திணற வைத்த விஷயம். பெட்டிகளை மூன்று அடி இடைவெளியில் எதிரெதிரே வைத்தாயிற்று. நடுவில் ஆள் போகிறார், மணி அடிக்கவில்லை! அட்டையை வைத்து மறைக்கிறார்கள், அப்போதும் அடிக்கவில்லை. பழுது என்று ரிசீவரை இரண்டு முறை மாற்றினார்கள். மாற்றும்போது இன்னொரு தொல்லை. 1738-இல் முன்புறம் பார்த்தால் கால்களின் வரிசை கிரவுண்டு, சப்ளை, வெளியீடு. அதே வேலையைச் செய்யும் 38238-இல் வெளியீடு, கிரவுண்டு, சப்ளை. கடைக்காரர் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடுவார், மாற்றிப் போட்டால் ரிசீவர் போய்விடும்.

பழுது எதுவுமில்லை. கூடத்துச் சுவர் வெள்ளை, தரை டைல்ஸ், ஓரத்தில் கண்ணாடி பதித்த பீரோ. கதிர் நேரே வர முடியாவிட்டால் சுவரில் பட்டுத் தெறித்து, தரையில் பட்டுத் தெறித்து, ஆளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறது. ரிசீவருக்கோ அபாரக் காது. பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து ரிமோட்டை அமுக்கினாலே கேட்பது, மூன்று அடியில் கேட்காமலிருக்குமா? ஆகவே இந்தக் கருவியில் திறமை என்பது ஒளியைக் கூட்டுவதில் இல்லை, குறைப்பதில்தான் இருக்கிறது. எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 10 மில்லிஆம்பியர் ஓடும், அதுவே அதிகம். 1 கிலோஓம் வரை ஏற்றிப் பார்க்கலாம். அடுத்தது குழாய். எல்.இ.டி.க்கும் ரிசீவருக்கும் முன்னால் பத்து சென்டிமீட்டர் நீளக் குழாய் மாட்டினால், நேர் எதிரே உள்ளதைத் தவிர வேறெதுவும் தெரியாது. கறுப்பு பிளாஸ்டிக்கை நம்பாதீர்கள். ரிமோட்டின் முகப்பில் இருக்கும் கறுப்புத் தகடு நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்புக்கு அது கண்ணாடி. மொட்டை மாடிகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய டி.வி. ஆன்டெனாக்களை ஒரு மாணவர் நினைவுபடுத்தினார். அதன் அலுமினியக் குழல் அளவாகப் பொருந்தியது. உள்ளே பளபளப்பு இருந்தால் அதிலும் தெறிக்கும் என்பதால் மங்கல் கறுப்பு பெயின்ட் விட்டு ஆற்றினார்கள். அன்று மாலை அட்டையை வைத்ததும் மணி அடித்தபோது இந்தக் கூடத்தில் எழுந்த சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

எல்.இ.டி. எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. செல்போன் கேமராவில் பாருங்கள், வெளிர் ஊதாவாகத் தெரியும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். சில போன்களில் பின்பக்கம் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

எங்கே பொருத்துவது என்பதற்கு ஒரே பதில் இல்லை. வெளியே போய்விடும் பெரியவர் என்றால் அறை வாசலில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். பூனை கீழே போய்விடும், குனிந்து நடப்பவரும் தப்ப மாட்டார். விழுந்துவிடும் அபாயம் உள்ளவர் என்றால் வாசல் வரை காத்திருப்பது தாமதம். கட்டிலின் ஓரமாக, நீளவாக்கில், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கதிரை ஓட விடுங்கள். காலைக் கீழே தொங்கவிட்ட கணமே மணி அடிக்கும், ஊன்றி எழுவதற்குள் நீங்கள் போய்ச் சேரலாம். கொசுவலையும் போர்வையும் அந்தப் பக்கம் தொங்காமல் செருகிவிட வேண்டும்.

மணியை வாசலில் வைக்காதீர்கள். இருட்டில் தலைமாட்டில் திடீரென்று கீச்சென்றால் நல்ல நினைவு உள்ளவரே தடுமாறுவார். காலிங் பெல் வயரை இழுத்துக்கொண்டு போய், கவனித்துக்கொள்பவரின் தலையணைப் பக்கம் வையுங்கள். பெரியவருக்கு அந்த மணி கேட்கவே கூடாது.

நான் சொன்ன இரண்டு வீடுகளிலும் மூன்று வாரத்திற்கு முன்பே பொருத்திப் பார்த்துவிட்டோம். மாமியாரின் அறையில் முதல் வாரம் கட்டில் மேல் தாவிய பூனை நான்கு முறை எழுப்பிவிட்டது. குழாயை இரண்டு விரற்கடை மேலே ஏற்றினோம். இப்போது மருமகள் தம் கட்டிலில் உறங்குகிறார். பெரியவரின் வீட்டில் மகன் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். ஒன்றரை மணிக்கு மணி அடித்தால் எழுந்து, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் கேட் வரை நடக்கிறார். பூட்டியிருப்பதைப் பெரியவரே தொட்டுப் பார்க்கிறார். "இன்னும் நேரமிருக்கு" என்று சொல்லித் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறாராம். மகனுக்குத் தூக்கம் கெடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. வாரத்தில் நான்கு நாள் கெடுகிறது. மற்ற மூன்று நாள் அவர் அச்சமில்லாமல் உறங்குகிறார்.

தாழ்ப்பாளைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே பூட்டிய அறையில் தீப்பிடித்தாலோ, பெரியவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தாலோ என்ன செய்வீர்கள்? பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் பூட்டைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறார். கருவி வேண்டாம் என்றால் கதவில் கொத்தாக வளையல்களைக் கட்டித் தொங்கவிடுங்கள், திறந்தால் கலகலக்கும். பூட்டாதீர்கள்.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யார் கடந்தார் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் மாத்திரை கொடுக்க உள்ளே போனாலும் அடிக்கும். அதற்காக நிறுத்தும் சுவிட்ச் வைத்தால், நிறுத்தியதை மறந்துவிடுவோம். ஆகவே சுவிட்சோடு ஒரு சிவப்பு விளக்கை இணைத்திருக்கிறார்கள். மணி அணைந்திருக்கும் வரை விளக்கு எரியும், படுக்கப் போகும்போது கண்ணில் குத்தும். கதிர் உள்ளே வருகிறவரையும் வெளியே போகிறவரையும் பிரித்தறியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதிர் வைத்து, எது முதலில் அறுந்தது என்று பார்த்தால் அறியலாம். அது அடுத்த வகுப்புக்கான பாடம்.

நிர்வாகக் குழுவில் ஒருவர், இதைப் பள்ளிவாசல் வாசலில் வைத்து ஜும்ஆவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணலாமே என்றார். எண்ணலாம், தப்பாக. தொழுகை முடிந்து தோளோடு தோள் உரசி ஐந்து பேர் சேர்ந்து வெளியே வந்தால் இதற்கு ஒருவர். ஒருவர் வாசலில் நின்று செருப்பைத் தேடிக் கையை ஆட்டினால் இதற்கு மூவர். ஒற்றை ஆள் நுழையும் ஒடுங்கிய வழிக்குத்தான் ஒற்றைக் கதிர் எண்ணிக்கை சரிப்படும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 230 வோல்ட் பக்கம் எந்த மாணவரும் கை வைக்கக் கூடாது என்பது வகுப்பின் சட்டம். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் எல்லாமே ஓடும். கரண்ட் போகும் இரவுக்குப் பவர் பேங்க் வைக்கலாம் என்று தோன்றும். பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அணைந்துவிட்டால், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரி நான்கை வரிசையாகப் போட்டால் 4.8 வோல்ட், அது போதும். தினமும் மஃக்ரிப் தொழுததும் கதிருக்குக் குறுக்கே ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். மணி அடித்தால் அன்றைய இரவுக்குக் கருவி தயார். வாரம் ஒருமுறை குழாயின் வாயில் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலந்திக்கு அந்தக் குழாய் கட்டி வைத்த வீடு மாதிரி.

மணி அடித்தும் யாரோ தவறிப் போய்விட்டார் என்றால் அரை மணி தெருவில் தேடிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். 112-ஐ உடனே அழையுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567. இரண்டையும் கதவின் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். பெரியவரின் சட்டைப் பையில் வீட்டு போன் எண் எழுதிய துண்டு எப்போதும் இருக்கட்டும்.

மாணவர்கள் இதுவரை ஆறு ஜோடி செய்திருக்கிறார்கள். இரண்டு வீடுகளில் இருக்கின்றன, நான்கு ஜோடி இந்த மேசையின் அடியில் இருக்கின்றன. ஒரு ஜோடிக்கு நாங்கள் செலவிட்டது 500 ரூபாய்க்குள்தான், சார்ஜரும் பேட்டரியும் தனி. தேவைப்படுவோரிடம் பணம் வாங்கப் போவதில்லை. இஷா தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து, வாசலின் அகலம், கட்டிலின் நீளம், கவனித்துக்கொள்பவர் படுக்கும் இடத்திற்கு எத்தனை அடி வயர் வேண்டும் என்பதை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுத மாட்டோம். பொருத்த வருகிறவர்கள் இந்த மாணவர்களில் இருவர். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் சொல்லுங்கள், வகுப்பில் தேறிய சகோதரிகள் இருவர் வருவார்கள். ஆன்டெனாக் குழாய் தீர்ந்துவிட்டது. மொட்டை மாடியில் பழையது கிடந்தால் வரும்போது எடுத்து வாருங்கள்.